ரிப்பேரா, புதுசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படித்தது எலக்ட்ரானிக்ஸ் என்பதால் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் எது நின்றுபோனாலும் கேள்வி என்னிடம்தான் வரும். உறவுக்காரர்களும் போன் செய்வார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதிவைத்துவிட்டேன். விலைகள் எல்லாம் உத்தேசம். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும்.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க சார், ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவா?"

எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. "டிவி போச்சு" என்பது காய்ச்சல் என்று சொல்வதைப் போல. அது சாதாரண சளியாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு சாதனத்திலும் விலையில் பெரும்பங்கை விழுங்கும் பாகம் ஒன்று உண்டு. டிவியில் பேனல், அதாவது படம் தெரியும் திரை. ஃபிரிட்ஜில் கம்ப்ரசரும் உள்ளே ஓடும் குழாய்களும். போனிலும் லேப்டாப்பிலும் மதர்போர்டு. வாஷிங் மெஷினில் டிரம்மும் அது உட்கார்ந்திருக்கும் டப்பும். இதைப் பெரிய பாகம் என்று வைத்துக்கொள்வோம். அது போயிருந்தால் புதுசு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மற்ற எது போயிருந்தாலும் முதலில் ரிப்பேர் எஸ்டிமேட் கேளுங்கள். பெரும்பாலும் போவது மற்றவைதான்.

"எது போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மெக்கானிக்கா?"

முழுசாகத் தெரிய வேண்டியதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சிலவற்றை நீங்களே பார்த்துவிடலாம். அந்த ப்ளக் பாயிண்டில் வேறு எதையாவது சொருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் இருந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சற்று ஆறவிட்டு அதை அழுத்துங்கள். லோடு அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்றத் தானே வெளியே தள்ளிக்கொள்ளும் சுவிட்ச் அது. இதைத் தெரியாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறைய.

டிவியில் சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் அறையை இருட்டாக்கிவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி பட்டை மட்டும் போயிருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். 32 இன்ச் டிவி என்றால் கூலியோடு ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிகிற வேலை. இதற்குப் புது டிவி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

"செலவு புது விலையில பாதிக்கு மேல போனா விட்டுடணும்னு சொல்றாங்களே, சரியா?"

தோராயமாகச் சரி. ஆனால் எந்தப் புது விலை என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் கொடுத்த விலையை எடுக்காதீர்கள். இன்று அதே அளவு, அதே வேலை செய்யும் சாதனம் என்ன விலை என்று பாருங்கள். டிவி அந்த இடைவெளியில் மலிவாகியிருக்கும், கிரைண்டர் ஏறியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் பழசுக்குக் கிடைப்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். புதுசோடு சேர்ந்து வரும் செலவுகளும் உண்டு: சுவரில் மாட்டும் ஸ்டாண்டு, ஏசிக்குப் பொருத்தும் கூலி, செம்புக் குழாய், போனுக்கு மேலுறையும் திரைக் கண்ணாடியும்.

பாதி என்ற கணக்கை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைக்கவும் முடியாது. ரிப்பேருக்குப் பிறகு எத்தனை வருடம் ஓடும் என்பதுதான் என் கேள்வி. 6,000 ரூபாய் செலவழித்தால் ஃபிரிட்ஜ் ஐந்து வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 1,200. அதே 6,000 ரூபாயில் டிஸ்ப்ளே மாற்றிய போனை ஒன்றரை வருடத்தில் தூக்கிப் போடப்போகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 4,000. புதுசையும் இப்படியே வகுத்துப் பாருங்கள். பதில் தானே வரும்.

"வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. இனிமே அதுல காசு போடுறது வேஸ்ட்தானே?"

எது என்பதைப் பொறுத்தது. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் இவற்றுக்கு ஏழு வருடமெல்லாம் ஒரு வயதே இல்லை. கார்பன் பிரஷ், கப்ளர், புஷ், பெல்ட், கெப்பாசிட்டர் என்று மாற்றிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இன்றும் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுற்று (காயில்) எரிந்த நாற்றம் வந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் கிரைண்டர் மோட்டாரைக் காயில் கட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பார்.

போனின் கதை வேறு. உடம்பு நன்றாக இருந்தாலும் மென்பொருள் அப்டேட் நின்றுவிட்டால் அதற்கு வயதாகிவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத போனில் வங்கி ஆப் வைத்துக்கொள்வதை நான் விரும்ப மாட்டேன். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 வருட அப்டேட் வாக்குறுதி இருக்கிறது. பல மலிவு விலைப் போன்களில் அதில் பாதிகூட இருக்காது. அதனால் போனுக்குச் செலவழிக்கும் முன் செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் டிஸ்ப்ளே மாற்றாதீர்கள்.

"பையன் பந்தடிச்சு டிவி கண்ணாடி உடைஞ்சிடுச்சு. கண்ணாடி மட்டும் மாத்த முடியுமா?"

முடியாது. அது கண்ணாடி இல்லை, பேனல். புது டிவி விலையில் முக்கால்வாசி கேட்பார்கள். உடைந்தது வாரண்டியிலும் வராது. ஆனால் தூக்கிப் போடாதீர்கள்: உள்ளே இருக்கும் மெயின் போர்டும் பவர் போர்டும் நல்லவை, மெக்கானிக்குகள் ஸ்பேருக்காகவே வாங்கிக்கொள்வார்கள்.

"நேத்து ஹை வோல்டேஜ் வந்து வீட்டுல பாதி சாமான் போச்சு அண்ணே. எல்லாத்தையும் புதுசா வாங்கணுமா?"

பதறாதீர்கள். இந்த மாதிரி போனவைதான் பெரும்பாலும் குறைந்த செலவில் திரும்பி வரும்.

நடந்தது என்னவென்றால், கம்பத்திலோ மீட்டர் பாக்ஸிலோ நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்திருக்கும். அப்போது வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகச் சேர்ந்துகொள்ளும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், யார் வீட்டில் லோடு குறைவாக ஓடுகிறதோ அங்கே 400 வரைகூட ஏறும். பல்புகள் பிரகாசமாக எரிந்து பிறகு போவது இதனால்தான். நல்ல பவர் போர்டுகளில் இதற்கென்றே வட்டமான சின்னப் பாகம் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் எம்ஓவி என்பார்கள். வோல்டேஜ் எல்லை தாண்டினால் அது ஷார்ட் ஆகி, ஃப்யூஸை எரித்து, பின்னால் இருக்கும் மற்றதைக் காப்பாற்றிவிடும். எம்ஓவியும் ஃப்யூஸும் சில பத்து ரூபாய் சாமான்கள்தான். இவற்றைத் தாண்டியும் போயிருந்தால் பவர் ஐசி, கெப்பாசிட்டர் என்று கொஞ்சம் கூடும்.

எனவே ஒவ்வொன்றையும் தனியாக எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரௌட்டர் ஆகியவற்றில் பெரும்பாலும் அடாப்டர்தான் போயிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். சுவிட்சை அணைத்து வைத்திருந்த மிக்ஸி, வாஷிங் மெஷினுக்கு எதுவும் ஆகியிருக்காது. முக்கியம்: எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலைச் சரிபார்க்கும் வரை எதையும் மறுபடி சொருகாதீர்கள்.

"சர்வீஸ் சென்டர்ல போர்டே போச்சு, 9,000 ஆகும்ங்கிறாங்க. வெளியில ஒருத்தர் 1,500க்குப் பண்றேன்ங்கிறார். யாரை நம்புறது?"

இரண்டு பேரும் உண்மையே சொல்லலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டை முழுசாக மாற்றுவார்கள். அதில் போன ஒரு பாகத்தைத் தேடிப் பிடித்து மாற்றும் வழக்கம் அங்கே பொதுவாக இல்லை. வெளியில் இருக்கும் போர்டு மெக்கானிக் அதே போர்டில் போன ரிலேயையோ ஐசியையோ மட்டும் மாற்றுவார். இன்வெர்ட்டர் ஏசி, ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் போர்டுகளுக்கு இப்போது பல ஊர்களில் ஆள் இருக்கிறார்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கிடைப்பார்கள்.

வாரண்டி மிச்சமிருந்தால் கம்பெனியிடமே போங்கள். வெளியில் திறந்தால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். முடிந்திருந்தால் வெளியில் கொடுக்கலாம், ஆனால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பாகம் மாற்றினார், பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா, எத்தனை மாதம் பொறுப்பு. பழைய பாகத்தைக் கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

"ஃபிரிட்ஜ் கூலிங் இல்ல. கேஸ் தீர்ந்துடுச்சு, நிரப்பினா சரியாயிடும்னு சொன்னார்."

ஃபிரிட்ஜ் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதே கூலி சில மாதத்தில் மறுபடியும். வருடா வருடம் கேஸ் போடும் ஏசிக்கும் இதே கதைதான்.

கசிவு வெளியே கண்ணுக்குத் தெரியும் குழாயில் என்றால் பற்றவைத்து, பில்டர் மாற்றி, கேஸ் போட்டுவிடலாம். உள்சுவரில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும் ஃபோமுக்குள் என்றால் வெட்டித் திறக்க வேண்டும். செய்கிறார்கள்தான், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இது முதல் கேள்வியில் சொன்ன பெரிய பாகம், புதுசு பாருங்கள். இன்னொன்று: கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ், கூலி, போக்குவரத்து உங்கள் தலையில் விழும்.

லைட் எரிகிறது, கம்ப்ரசர் "டக்" என்று சத்தம் கொடுத்து நின்று நின்று போகிறது என்றால் கேஸ் என்ற பேச்சுக்கே போகும் முன் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயையும் அது சூடானால் நிறுத்தும் ஓவர்லோடையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியலாம்.

"வாஷிங் மெஷின் சுத்தும்போது லாரி மாதிரி சத்தம் போடுது."

பேரிங். டப்பைப் பிரித்துப் பேரிங் மாற்ற முடிகிற மாடலா என்று முதலில் கேளுங்கள். சில ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் டப்பை ஒட்டியே மூடிவிடுகிறார்கள். அப்போது டப் முழுசாக மாற்ற வேண்டும், கட்டுப்படியாகாது. உப்புத் தண்ணீர் ஏரியா என்றால் டிரம்மைப் பின்னால் தாங்கும் உலோகக் கையும் அரித்திருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தமே இல்லாமல் செத்துக் கிடக்கிறது என்றால், சிரிக்காதீர்கள், முதலில் அடியில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

"போன் டிஸ்ப்ளே 12,000ன்னும் சொல்றாங்க, 3,000ன்னும் சொல்றாங்க. எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?"

இரண்டும் வேறு வேறு சாமான். விலை அதிகம் என்பது ஒரிஜினல். குறைவு என்பது அமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) இருந்த இடத்தில் சாதா எல்சிடி வகையைப் போடுவது. வெளிச்சம் குறையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரைக்குள் கைரேகை வைக்கும் மாடல் என்றால் அது வேலை செய்யாமல் போகலாம். ஒன்றரை வருடம் ஓட்டினால் போதும் என்றால் தப்பில்லை, தெரிந்து போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு திரையில் பச்சைக் கோடு விழுந்திருந்தால் காசு கொடுக்கும் முன் கம்பெனியில் கேளுங்கள். சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு இலவசமாக மாற்றிக்கொடுத்திருக்கின்றன.

பேட்டரி மட்டும் பலவீனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். அது தேய்வதற்கென்றே இருக்கும் பாகம். பின்மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும்.

"போன் தண்ணியில விழுந்துச்சு, அரிசியில போட்டு வெச்சிருக்கேன்."

எடுத்துவிடுங்கள். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சாது, மாவும் தூசும் சார்ஜிங் ஓட்டைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே 2024இல் இதைச் செய்யாதீர்கள் என்று எழுதியது. அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, காற்றில் வையுங்கள். அன்றைக்கே கடையில் கொடுத்துப் போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவச் சொல்வது இன்னும் நல்லது. நாள் போகப் போக அரிப்பு கூடும்.

வெள்ளம் புகுந்த வீடுகளிலும் இதே விதிதான்: "ஓடுதான்னு பார்க்கலாம்" என்று சுவிட்ச் போடக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில், ஈரத்தோடு மின்சாரம் கொடுத்ததால் போனவை ஏராளம். மோட்டாரைக் கழுவிக் காயவைக்கலாம், போர்டையும் கழுவலாம். ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் மூடிய பொருள் என்பதால் தப்பிக்கும். ஆனால் சுவரின் ஃபோம் சாக்கடைத் தண்ணீரைக் குடித்திருந்தால் நாற்றமும் போகாது, குளிரும் உள்ளே தங்காது. இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

"போன் போனா போகட்டும், உள்ள இருக்கிற போட்டோ வேணும்."

அப்படியென்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. இப்போதைய போன்களில் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அதே போர்டில் இருக்கிறது. மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் வைத்துப் படிக்க முடியாது. போர்டைத் தற்காலிகமாகவாவது உயிர்ப்பிக்க வேண்டும். எனவே "போர்டு மாத்தித் தர்றோம்" என்ற பேச்சுக்கு உடன்படாதீர்கள். பழைய போர்டு கைவிட்டுப் போனால் போட்டோவும் போயிற்று.

போன் ஓடும் நிலையில் ரிப்பேருக்குக் கொடுப்பவர்களுக்கு: சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் மெக்கானிக் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. பின் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

"லேப்டாப் ஆமை மாதிரி இருக்கு. விண்டோஸ் 10 வேற முடிஞ்சுபோச்சாமே?"

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்) போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் வேகம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் பிராசசர் வேண்டும். அதற்கும் பழையது என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எழுத, படிக்க, வீடியோ பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் மென்பொருள், அலுவலக மென்பொருள் கட்டாயம் என்பவர்கள் அந்தப் பழைய லேப்டாப்பில் செலவழிக்க வேண்டாம்.

"புதுசு வாங்கினா கரண்ட் பில்லுலயே மிச்சமாயிடும்னு கடைக்காரர் சொல்றார்."

ஃபேனில் உண்மை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 40 யூனிட் குறையும். நான்கு ஃபேன் ஓடும் வீட்டில், 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டணப் பட்டியலே மாறிவிடும்.

ஃபிரிட்ஜில் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நட்சத்திர ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சாகியிருக்கும். பழசையும் புதுசையும் கழியுங்கள். வித்தியாசம் 150 யூனிட் என்றால், யூனிட் 7 ரூபாய்க்கு வருடம் 1,050 மிச்சம். 25,000 ரூபாய் ஃபிரிட்ஜின் விலையை இப்படித் திரும்ப எடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும். ஓடுகிற ஃபிரிட்ஜை இதற்காக மாற்ற வேண்டாம். பெரிய பாகம் போய் எப்படியும் யோசிக்கும் நிலை வந்தால், அப்போது இந்த மிச்சத்தையும் தராசில் வையுங்கள். டிவி, மிக்ஸியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"ஸ்பேர் வர்றதில்லை, மாடல் நிறுத்திட்டாங்கன்னு கைய விரிச்சுட்டாங்க. கேட்க நாதி இல்லையா?"

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் விவகாரத் துறை "ரைட் டு ரிப்பேர்" என்று ஓர் இணையதளம் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாக விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். வற்புறுத்தும் சட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.

வாரண்டிக்குள் இப்படிச் சொன்னால் விடாதீர்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாரண்டி முடிந்திருந்தால், ஐந்தாம் கேள்வியில் சொன்ன உடைந்த டிவிகள் நினைவிருக்கிறதா? அப்படிக் கழற்றிய ஸ்பேர்தான் வழி.

"போன தடவை 2,500 செலவு பண்ணேன், மூணே மாசத்துல மறுபடி நின்னுடுச்சு. இவ்வளவு போட்டாச்சேன்னு மனசு வரலை."

போட்ட 2,500 போனது போனதுதான். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்க்க வேண்டியது, அதே கோளாறா வேறா என்பது. அதே கோளாறு என்றால் முதல் வேலை சரியில்லை அல்லது மூலகாரணம் வேறு எங்கோ இருக்கிறது. பொறுப்புக் காலத்துக்குள் அதே மெக்கானிக்கிடம் இலவசமாகக் கேளுங்கள். புதிதாக ஒன்று போயிருந்தால் தனியாக எஸ்டிமேட் வாங்கி, மூன்றாம் கேள்வியில் சொன்னபடி வருடக் கணக்குப் போடுங்கள். ஒரே வருடத்தில் சம்பந்தமில்லாத மூன்று பாகம் போனால் சாதனத்தை விட வீட்டு எர்த்திங்கையும் வோல்டேஜையும்தான் நான் சந்தேகப்படுவேன். புதுசு வாங்கினாலும் அதே ப்ளக்கில்தானே சொருகப்போகிறீர்கள்?

"யூடியூப் பார்த்து நானே திறக்கலாமா?"

மிக்ஸி, ஃபேன், லேப்டாப் தாராளமாக. மைக்ரோவேவ் ஓவன் மட்டும் கூடவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

"பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கவா, இல்ல காயலான் கடையில போடவா?"

ஓடுகிற நிலையில் எக்ஸ்சேஞ்ச். ஓடாதது என்றால் மெக்கானிக்கிடம் ஸ்பேருக்குக் கேளுங்கள், எக்ஸ்சேஞ்ச் கடையை விட அவரே கூட்டிக் கொடுப்பார். யாரும் எடுக்காததை அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மையத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு, அவர்களின் இணையதளத்தில் சேகரிப்பு விவரம் இருக்கும். காயலான் கடைக்குப் போகும் வயரைச் செம்புக்காக எரிப்பார்கள், அந்தப் புகை யார் மூக்குக்கும் நல்லதில்லை. போன், லேப்டாப் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்த பிறகே கைமாற்றுங்கள்.

"அம்மா பழைய டிவிதான் வேணும்னு அடம் பிடிக்கிறாங்க. ரிப்பேர் கணக்குக்கே வரலை தம்பி."

அம்மாவுக்கு வேண்டியது டிவியா, ரிமோட்டா என்று கேட்டுப் பாருங்கள். புது ஸ்மார்ட் டிவியைப் போட்டதும் சேனல் வராமல் ஆப் பட்டியல் வருவதுதான் வயதானவர்களின் பெரிய தொல்லை. பல மாடல்களில் டிவி போட்டதும் நேராக செட்டாப் பாக்ஸ் சொருகியிருக்கும் எச்டிஎம்ஐக்குப் போகும்படி அமைக்கலாம். அப்படி அமைத்து, பழைய செட்டாப் பாக்ஸையும் அதே ரிமோட்டையும் விட்டுவையுங்கள். அதற்குப் பிறகும் பழசுதான் வேண்டும் என்றால், எஸ்டிமேட் பாதியைத் தாண்டினாலும் ரிப்பேர் செய்துகொடுங்கள்.